லெக்ஸான் ஆர்.சி. கார் பாடியில் மர ரேகை தீட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ரிமோட்டில் ஓடும் ஆர்.சி. காரின் ஒளி ஊடுருவும் லெக்ஸான் (பாலிகார்பனேட் பிளாஸ்டிக்) பாடியில் மர வேலைப்பாடு தீட்ட உட்காரும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். இளம்பழுப்பு அடிநிறத்தை முதலில் அடித்து, அது காய்ந்ததும் அதன்மேல் பொறுமையாக ரேகை இழுக்கிறார்கள். உள்பக்கம் பார்த்தால் அருமையாக இருக்கும். பாடியைத் திருப்பினால் வெறும் பழுப்புதான் தெரியும். ரேகை முழுக்க அடிநிறத்துக்குப் பின்னால் போய் ஒளிந்திருக்கும்.

லெக்ஸான் பாடிக்கு வண்ணம் உள்பக்கம்தான் அடிக்கிறோம். அதனால் முதலில் வைக்கும் பூச்சுதான் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு முன்னால் நிற்கும். தஞ்சாவூர் கண்ணாடி ஓவியத்தில் கண்ணையும் நகையையும் முதலில் வரைந்து, பின்னணியைக் கடைசியில் பூசுவார்களே, அதே முறைதான் இங்கேயும். ரேகை முதலில், அதன்மேல் சாயம், கடைசியில் அடிநிறம். இந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்தான்.

உதாரணத்துக்கு 1/10 அளவிலான பழைய ஸ்டேஷன் வேகன் பாடி ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அடர்பச்சை உடல், பக்கவாட்டில் வெளிர் நிற ஆஷ் மரச் சட்டம், சட்டத்துக்குள் கருஞ்சிவப்பு மஹோகனிப் பலகை. 1940-களின் கிரைஸ்லர் டவுன் அண்ட் கன்ட்ரி கார்களில் இருந்தது போன்ற அமைப்பு. மோரிஸ் மைனர் டிராவலர் செய்கிறீர்கள் என்றால் மரச் சட்டம் மட்டும் போதும், சட்டத்துக்கு நடுவே உடல் நிறமே வரும். ஜீப் கிராண்ட் வாகனீர் என்றால் சட்டமே கிடையாது, மரம் போல அச்சிட்ட வினைல் தாள் ஒட்டிய தட்டையான பக்கம்தான். கடினமான அமைப்பைச் செய்யத் தெரிந்தால் மற்ற இரண்டும் இதில் சில படிகளைக் குறைத்துச் செய்வதே.

1. பாடி எந்தப் பிளாஸ்டிக் என்று முதலில் பாருங்கள்

வளைத்தால் வளையும், கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், வெளிப்பக்கம் மெல்லிய ஃபிலிம் ஒட்டியிருக்கும் என்றால் அது பாலிகார்பனேட். நாம் லெக்ஸான் என்று சொல்வது இதைத்தான். வெள்ளையாகவோ வேறு நிறத்திலோ, கெட்டியாக, பிளாஸ்டிக் மாடல் கிட் போல இருந்தால் அது ஏ.பி.எஸ். அதற்கு வெளிப்பக்கம்தான் வண்ணம். அதைப் பற்றிக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் வண்ணம்தான். டமியா ஸ்ப்ரே கேன்களில் பி.எஸ் வரிசை பாலிகார்பனேட்டுக்கானது, டி.எஸ் வரிசை ஏ.பி.எஸ்ஸுக்கானது. டப்பாக்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் கடையில் மாற்றி வாங்கிவிடுவது சகஜம். டி.எஸ் அடித்த லெக்ஸான் பாடி ஒருமுறை மோதி வளைந்தாலே வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்துவிடும்.

2. வேலை தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

வண்ணத்தை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாடி நிறத்துக்கு பி.எஸ் ஸ்ப்ரே. மரப் பகுதிக்கு லெக்ஸானில் பிடிக்கும் நீர்சார்ந்த ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் வண்ணம் தூவும் கருவி) வண்ணம்; ஃபாஸ்கலர், கிரியேடெக்ஸ் போன்றவை. ஸ்ப்ரே கேனில் இருப்பது கரைப்பான் கலந்த வண்ணம். அதைத் தூரிகையில் எடுத்து ரேகை இழுத்தால் இரண்டாவது இழுப்பு முதல் இழுப்பைக் கரைத்துவிடும். நீர்சார்ந்த வண்ணம் காய்ந்தபின் அப்படி எளிதில் எழும்பாது.

பள்ளிக்கூட அக்ரிலிக் டியூப் வேண்டாம். “ரேகைக்குத்தானே, கொஞ்சம்தானே” என்று பலர் அதை எடுக்கிறார்கள். ஆனால் லெக்ஸானை நேரடியாகத் தொடுவதே அந்த ரேகைதான். அது சரியாகப் பிடிக்கவில்லை என்றால், அதற்குப் பின்னால் அடித்த நல்ல வண்ணம் அத்தனையும் அதோடு சேர்ந்து உரிந்து வரும். விலை உயர்ந்த வண்ணம் எங்கே அவசியம் என்று கேட்டால், இந்த முதல் பூச்சில்தான்.

நிறங்கள்: கருப்பு, வெள்ளை, மஞ்சள், சிவப்பு, அடர்பழுப்பு, செம்பழுப்பு. பழுப்புகளில் குறைந்தது ஒன்று ஊடுருவிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதுதான் கிளேஸ் எனப்படும் சாயப் பூச்சுக்கு.

கருவிகள்: ஏர்பிரஷ், தட்டைத் தூரிகை இரண்டு, விசிறித் தூரிகை ஒன்று, ரேகை இழுக்க விறைப்பான பன்றிமயிர்த் தூரிகை ஒன்று. இந்தக் கடைசித் தூரிகை பழையதாக இருந்தால் இன்னும் நல்லது. அதன் நுனியைக் கத்தரியால் ஒழுங்கில்லாமல் அங்கங்கே வெட்டிவிடுங்கள். மயிர் நெருக்கமாக உள்ள இடத்தில் ஒரு மாதிரியும், இடைவெளி விட்ட இடத்தில் வேறு மாதிரியும் கோடு விழும். சமமாக வெட்டிய தூரிகை சீப்பு இழுத்தது போன்ற கோட்டைத்தான் தரும், அது மரமாகத் தெரியாது.

அதோடு நல்ல மாஸ்கிங் டேப், வளைவுகளுக்கு 2 அல்லது 3 மி.மீ. மெல்லிய டேப், ஸ்பான்ஜ் துண்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், ஹேர் டிரையர். அசிட்டோனும் லாக்கர் தின்னரும் பக்கத்திலேயே இருக்க வேண்டாம், இரண்டும் பாலிகார்பனேட்டை வெளுக்கவும் நொறுங்கவும் செய்யும்.

ஸ்ப்ரே அடிக்கும்போது கரிம ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடி கட்டாயம். துணி மாஸ்க் தூசியைத் தடுக்கும், கரைப்பானின் ஆவியைத் தடுக்காது.

3. பழகுவதற்குத் துண்டுகளை எடுத்து வையுங்கள்

பாடியின் ஓரத்தில் வெட்டி எறியப் போகும் லெக்ஸான் இருக்கும். அதை இப்போதே கொஞ்சம் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலின் பக்கத்தை வெட்டியும் தூரிகை இழுப்பைப் பழகலாம். ஆனால் அது வேறு பிளாஸ்டிக் என்பதால், வண்ணம் பிடிக்கிறதா என்ற சோதனையை லெக்ஸான் துண்டில்தான் செய்ய வேண்டும்.

துண்டில் மூன்று பூச்சையும் அடித்து, ஒரு நாள் காயவிட்டு, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். துண்டை மடக்கியும் பாருங்கள். அதில் உரியாதது பாடியிலும் உரியாது.

4. திட்டத்தை வெளி ஃபிலிம் மேல் வரையுங்கள்

பாடியின் வெளிப்பக்கம் உள்ள ஃபிலிம் வண்ணத் தூறலைத் தடுப்பதற்கு ஒட்டியது. வேலை முழுக்க முடியும்வரை அதை உரிக்காதீர்கள். அதைவிட அதற்கு இன்னொரு நல்ல பயன் உண்டு. மார்க்கர் பேனாவால் சட்டம் எங்கே, பலகை எங்கே, கதவு இடைவெளி எங்கே, சக்கர வளைவின் வெட்டுக்கோடு எங்கே என்று எல்லாவற்றையும் அதன்மேல் வரைந்துகொள்ளலாம். உள்ளே இருந்து பார்த்தால் கோடு தெளிவாகத் தெரியும், கடைசியில் ஃபிலிமோடு கோடும் போய்விடும்.

பாடியைச் சேசிஸ் மேல் நிறுத்தும் கம்பங்கள் நுழையும் பாடி போஸ்ட் துளைகளையும் இப்போதே குறித்து, துளையிட்டு முடித்துவிடுங்கள். வண்ணம் அடித்தபின் அடியில் உள்ள சேசிஸ் தெரியாது. துளை ஒரு சில மி.மீ. தள்ளிப் போனாலும் சட்டத்தின் நடுவில் ஓட்டை விழுந்துவிடும்.

அப்புறம், ரேகை ஓடும் திசையை ஒவ்வொரு துண்டிலும் அம்புக்குறியாகப் போடுங்கள். நீளவாட்டுச் சட்டத்தில் ரேகை நீளவாட்டில், நிமிர்ந்த சட்டத்தில் மேலும் கீழுமாக. சக்கர வளைவைச் சுற்றி வரும் சட்டத்தில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள். சட்டம் வளைகிறதே என்று ரேகையையும் வளைத்துவிடுகிறார்கள். நிஜத்தில் அப்படிப்பட்ட வளைவு பலகையிலிருந்து அறுத்தெடுத்த துண்டுகளைப் பொருத்திச் செய்தது. அதனால் ரேகை நேராகவே ஓடும், வளைவு அதைக் குறுக்கே வெட்டிச் செல்லும். இந்த ஒன்றைச் சரியாகச் செய்தாலே பார்ப்பவர்கள் நிஜ மரமா என்று குனிந்து பார்ப்பார்கள்.

அளவையும் இப்போதே முடிவு செய்யுங்கள். நிஜச் சட்டம் 6 முதல் 8 செ.மீ. அகலம் என்றால் 1/10-ல் அது 6 முதல் 8 மி.மீ. நிஜத்தில் 1 செ.மீ. இடைவெளியில் ஓடும் ரேகை இங்கே 1 மி.மீ. இடைவெளியில் ஓட வேண்டும். வீட்டுக் கதவில் பார்க்கும் ரேகையை அதே அளவில் இங்கே போட்டால் கார் மரப்பலகையில் செதுக்கிய பொம்மை போல ஆகிவிடும். சந்தேகம் வந்தால் இன்னும் மெல்லியதாகப் போடுங்கள்.

5. கழுவி, ஜன்னலை மறைத்து, லேசாகத் தேயுங்கள்

பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான நீரும் போதும். அச்சிலிருந்து பாடியை எடுக்கும்போது படிந்த எண்ணெய்ப் பசை போக வேண்டும், அவ்வளவுதான். துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். அதன்பின் உள்பக்கத்தை வெறும் கையால் தொடாதீர்கள். விரல் ரேகை பதிந்த இடத்தில் நீர்சார்ந்த வண்ணம் ஒட்டாமல் திரளும்.

ஜன்னல் மாஸ்க்குகளை ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேயுங்கள். அதன்பிறகு மரம் வரப்போகும் இடத்தை மட்டும் 1500 எண் நீர்த்தாளால் (நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஈரமாக, லேசாகத் தேய்க்கலாம். பளபளப்பான பரப்பில் நீர்சார்ந்த வண்ணம் முத்து முத்தாகத் திரளும், லேசாகத் தேய்த்த பரப்பில் படியும். அந்த நுண்கீறல்களில் வண்ணம் நிரம்பிவிடுவதால் வெளியிலிருந்து தெரியாது. ஜன்னலில் பட்ட கீறல் மட்டும் தெரியும், அதனால்தான் மாஸ்க் முதலில்.

6. பாடி நிறம் முதலில், மரம் பிறகு

மரம்தானே முக்கியம், அதை முதலில் செய்தால் என்ன என்று தோன்றும். வேண்டாம், இரண்டு காரணங்கள். மர வேலை தூரிகையும் ஸ்பான்ஜுமாக அழுக்காக நடக்கும். பாடி நிறம் ஏற்கெனவே காய்ந்திருந்தால், அதன் பின்பக்கம் வழியும் பழுப்பு யார் கண்ணிலும் படாது. இரண்டாவது, நீர்சார்ந்த வண்ணத்தின்மேல் கரைப்பான் ஸ்ப்ரே அடித்தால் அது சுருங்கிப் போகலாம். கரைப்பான் முன்னால், நீர்சார்ந்தது பின்னால் என்றால் அந்தப் பயமே இல்லை.

ஃபிலிம் மேல் வரைந்த கோட்டைப் பார்த்து, மரப் பகுதியின் எல்லையை மெல்லிய டேப்பால் கட்டி, நடுவை அகலமான டேப்பால் மூடுங்கள். முழுக்க டேப் ஒட்டிவிட்டு பாடியின் மேலேயே பிளேடால் கோடு வெட்டும் வழக்கம் வேண்டாம். பிளேடு லெக்ஸானில் போட்ட கீறல் இன்று தெரியாது, முதல் மோதலில் அங்கிருந்துதான் பாடி கிழியத் தொடங்கும்.

கேனை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் வைத்து எடுங்கள். அழுத்தம் சீராகும், துளி தெறிக்காது. 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். முதல் பூச்சு தூவியது போலத்தான் இருக்க வேண்டும். ஈரமாக அடித்த முதல் பூச்சு டேப்புக்கு அடியில் கசிந்து, மரத்தின் ஓரத்தில் பச்சை நரம்பாக ஓடும்.

பாடி நிறம் அடர்ந்ததாக இருந்தால் இத்துடன் சரி. கிரீம், வெளிர்நீலம் போன்ற வெளிர் நிறம் என்றால் அதன் பின்னால் வெள்ளை, வெள்ளைக்குப் பின்னால் சில்வர் அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு வழியும் பழுப்பு, வெளிச்சத்தில் கறையாகத் தெரியும்.

ஒரு நாள் காயவிட்டு, மரப் பகுதியின் டேப்பை அதன்மேலேயே மடக்கி, தாழ்வாக, மெதுவாக உரியுங்கள்.

7. கருஞ்சிவப்புப் பலகை: நிழல், ரேகை, சாயம், அடிநிறம்

அடர்ந்தது முன்னால், வெளிர்ந்தது பின்னால் என்பது லெக்ஸானின் பொது விதி. கருஞ்சிவப்புப் பலகையின் பின்னால் பிறகு கிரீம் நிறம் படிந்தால் ஒன்றும் தெரியாது. கிரீம் சட்டத்தின் பின்னால் கரும்பழுப்பு படிந்தால் சட்டம் அழுக்காகத் தெரியும். அதனால் பலகை முதலில். சட்டம் வரும் இடங்களை டேப்பால் மூடிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை நிழல். ஒளி மேலிருந்து வருவதால், புடைத்து நிற்கும் சட்டத்தின் நிழல் பலகையின் மேல் ஓரத்தில் விழும். ஏர்பிரஷ்ஷில் மிகவும் நீர்த்த கரும்பழுப்பை எடுத்து, ஒவ்வொரு பலகையின் மேல் ஓரத்திலும் டேப்பை ஒட்டி மெல்லிய புகை போலத் தூவுங்கள். எல்லாப் பலகையிலும் ஒரே பக்கம், ஒரே அளவு. தட்டையான பாடியில் சட்டம் புடைத்தது போலத் தெரியச் செய்வது இந்த ஒரு தூவல்தான். அடிநிறத்துக்குப் பின் இதைச் சேர்க்க வழியே கிடையாது.

அடுத்தது ரேகை. கரும்பழுப்பில் ஒரு துளி கருப்பு கலந்து, பால் பதத்துக்கு நீர்த்துக்கொள்ளுங்கள். உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில துளிகள் சேர்த்தால் கை ஓட நேரம் கிடைக்கும். அதிகம் சேர்த்தால் நாட்கணக்கில் ஒட்டும், அதனால் அளவோடு.

ஒரே ஒரு பலகையை எடுத்துக்கொண்டு தட்டைத் தூரிகையால் மெல்லியதாகப் பூசுங்கள். ஈரம் இருக்கும்போதே, வெட்டிவைத்த விறைப்புத் தூரிகையைக் காய்ந்த நிலையில் ஒரு முனையில் வைத்து மறுமுனை வரை ஒரே இழுப்பாக இழுங்கள். தூரிகை வண்ணத்தை வழித்துக்கொண்டு போகும், வழித்த இடம் தெளிவாகவும் விட்ட இடம் கோடாகவும் நிற்கும். ஒவ்வொரு இழுப்புக்குப் பின்னும் தூரிகையைத் துணியில் துடைக்க வேண்டும். துடைக்காத தூரிகை வழித்ததைத் திரும்பப் பூசிவிடும்.

நடுவில் நிறுத்தாதீர்கள். நிறுத்திய இடத்தில் குறுக்குக் கோடு விழும், மரத்தில் அப்படி ஒன்று கிடையாது. தொடக்கமும் முடிவும் டேப்பின் மேல் விழும்படி, பலகையைத் தாண்டித் தொடங்கித் தாண்டி முடியுங்கள். இழுக்கும்போது கை மிக லேசாக அசைந்தால் நல்லது. அளவுகோல் வைத்த நேர்க்கோடு வேண்டாம்.

பிடிக்கவில்லையா? ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். லெக்ஸான் எதையும் உறிஞ்சாது என்பது இங்கே பெரிய வசதி. காகிதத்திலோ மரத்திலோ இந்தச் சுதந்திரம் கிடைக்காது. அதனால் பயப்படாமல் துணிந்து இழுங்கள். பயந்து பயந்து இழுத்த ரேகை பயந்தது போலவே தெரியும்.

எப்படி வந்திருக்கிறது என்று பார்ப்பதிலும் ஒரு முறை உண்டு. இந்தக் கட்டத்தில் வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடியில் பூசிய அழுக்கு போலத்தான் தெரியும். அதைப் பார்த்து மனம் தளர்ந்து துடைத்தவர்களும், ரேகை போதவில்லை என்று இன்னும் கனமாகப் பூசியவர்களும் நிறைய. அடிநிறத்தை முன்கூட்டியே கலந்து ஓர் அட்டையில் பூசிக் காயவைத்துக்கொள்ளுங்கள். அந்த அட்டையை உள்பக்கம் பிடித்து வெளியிலிருந்து பாருங்கள். கடைசியில் வரப்போகும் தோற்றம் அப்போதே தெரிந்துவிடும்.

ரேகை முழுக்கக் காய்ந்ததும், மஹோகனியில் தெரியும் சிறுசிறு துளைக் கீற்றுகளைப் போடலாம். விசிறித் தூரிகையின் நுனியில் மட்டும் கருப்பு கலந்த பழுப்பை எடுத்து, காகிதத்தில் ஒற்றி, ரேகையின் திசையிலேயே குட்டிக் குட்டியாகத் தட்டுங்கள். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாத கீற்றுகள் போதும், அதுவும் அங்கங்கே.

இனி சாயம். ஊடுருவிப் பார்க்கக்கூடிய செம்பழுப்பை நன்றாக நீர்த்து, ஸ்பான்ஜால் ஒற்றி, ஈரத்திலேயே ரேகைத் திசையில் மெதுவாக இழுத்துவிடுங்கள். எல்லா இடமும் ஒரே கனமாக இருக்கக் கூடாது. ஒரு பக்கம் கொஞ்சம் அடர்ந்து, ஒரு பக்கம் மெலிந்து இருந்தால்தான் பலகைக்கு ஆழம் வரும். ரேகை சரியாகக் காயாமல் சாயம் பூசினால் ரேகை கரைந்து கலங்கிவிடும். ஹேர் டிரையரை மிதமான சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிற்காமல் ஆட்டிக்கொண்டே காயவையுங்கள். ஹீட் கன் மட்டும் வேண்டாம். பாலிகார்பனேட் சுமார் 147 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும், ஹீட் கன் அந்தச் சூட்டை நொடியில் தாண்டிவிடும்.

கடைசியாக அடிநிறம். மஹோகனிக்கு இளம் ஆரஞ்சும் பழுப்பும் கலந்த நிறம், நினைப்பதைவிட ஒரு படி வெளிர்ந்ததாக. முன்னால் ரேகையும் சாயமும் நிற்பதால் அது தானாக அடர்ந்து தெரியும். தேர்ந்தெடுத்த மஹோகனி நிறத்தையே அடிநிறமாக அடித்தால் பலகை கிட்டத்தட்டக் கருப்பாகிவிடும்.

இதை ஏர்பிரஷ்ஷில்தான் அடிக்க வேண்டும். தூரிகையால் பூசினால் தூரிகையின் தேய்ப்பும் ஈரமும் சேர்ந்து ரேகையை இழுத்துக்கொண்டு போகும். இவ்வளவு நேரம் செய்த வேலை ஒரே வீச்சில் போவது இந்த இடத்தில்தான். 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தம், தூவல் போன்ற முதல் பூச்சு, காயவைத்தல், அடுத்த பூச்சு. விளக்குக்கு எதிராகப் பிடித்தால் ஊசிமுனை வெளிச்சமும் தெரியாத அளவுக்கு வரும்வரை அடியுங்கள்.

8. வெளிர்ச் சட்டம்

பலகை காய்ந்ததும் சட்டத்தின் டேப்பை உரித்துவிடுங்கள். பலகையின் பின்பக்கத்தை மறைக்க வேண்டியதில்லை. அது முழுக்க மறைப்புள்ளதாக இருப்பதால் இனி அதன்மேல் எது வழிந்தாலும் கவலை இல்லை.

சட்டத் துண்டுகள் சேரும் மூட்டுக் கோடுகள் முதலில். மெல்லிய தூரிகையால் கரும்பழுப்பில் தலைமயிர் போன்ற கோடு. பெர்மனன்ட் மார்க்கரால் போட்டுவிடலாமே என்று தோன்றும், ஆல்கஹால் சார்ந்த அந்த மை பின்னால் வரும் வண்ணத்தில் கலந்து ஊதா நிறமாகக் கசியக்கூடும்.

ஆஷ் மரத்தின் ரேகை மஹோகனியைவிடத் தெளிவானது, இடைவெளி அதிகம். ஆனால் வெளிர் நிறம் என்பதால் நடுத்தரப் பழுப்பே போதும், கரும்பழுப்பு எடுத்தால் வரிக்குதிரை ஆகிவிடும். படுக்கைச் சட்டங்களை முதலில் இழுங்கள். மூட்டுக் கோட்டில் டேப்பின் ஓரத்தை வைத்து, இழுப்பை டேப்பின் மேல் கொண்டுபோய் முடியுங்கள். காய்ந்ததும் டேப்பை மாற்றி ஒட்டி, நிமிர்ந்த சட்டங்களை இழுங்கள். மூட்டில் ரேகை சட்டென்று திசை மாறுவது கத்தி வெட்டியது போல இருக்க வேண்டும். இரண்டு சட்டத்தையும் சேர்த்துச் செய்தால் மூட்டில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கலந்து கூடை முடைந்த மாதிரி ஆகும்.

சாயத்துக்கு மஞ்சளும் துளி பழுப்பும் கலந்த தேன் நிறம், மிக மெல்லியதாக. ஒரு துண்டில் ஒருமுறை, பக்கத்துத் துண்டில் இரண்டுமுறை என்று மாற்றி மாற்றிப் பூசுங்கள். தனித்தனி மரத்துண்டுகளைச் சேர்த்தது என்று கண் நம்புவது இந்தச் சிறு நிற வேறுபாட்டால்தான்.

அடிநிறம் வெள்ளையில் மஞ்சளும் சிறிது பழுப்பும் கலந்த கிரீம். எல்லாச் சட்டத்துக்கும் ஒரே நேரத்தில் ஏர்பிரஷ்ஷில் அடித்துவிடலாம்.

இடப்பக்கம் முடிந்து வலப்பக்கம் செய்யும்போது இடப்பக்கத்தைப் பார்த்துப் பிரதி எடுக்காதீர்கள். மூட்டுகள் இரு பக்கமும் ஒரே இடத்தில் வர வேண்டும், ரேகை அப்படி ஒரே மாதிரி வரக் கூடாது.

9. வெள்ளைப் பின்பூச்சு

மரப் பகுதி முழுவதற்கும் பின்னால் நீர்சார்ந்த வெள்ளையை ஓரிரு மெல்லிய பூச்சு அடியுங்கள். கிரீம் போன்ற வெளிர் நிறம் எவ்வளவு கனமாக அடித்தாலும் கொஞ்சம் ஒளியை விடும். பின்னால் வெள்ளை இருந்தால் அந்த ஒளி திரும்பி வந்து மரம் வெதுவெதுப்பாகத் தெரியும். பாடியின் உள்பக்கம் கருப்பாக இருந்தால் அழகு என்று நேராகக் கருப்பு அடிப்பவர்கள் உண்டு. அது சட்டத்தைச் சாம்பல் பூத்ததாக்கிவிடும். கருப்பு வேண்டுமென்றால் வெள்ளைக்குப் பின்னால், அதுவும் நீர்சார்ந்த கருப்பு.

10. வெட்டுவதும் ஃபிலிம் உரிப்பதும்

குறைந்தது ஒரு நாள், மழைக்காலம் என்றால் இரண்டு நாள் காயவிடுங்கள். ஜன்னல் மாஸ்க்கை உரித்து, வளைந்த கத்தரியால் ஓரங்களை வெட்டுங்கள். நேரான ஓரத்தில் கோடு கீறி மடக்கி உடைக்கும் முறை மற்ற பாடிகளுக்குச் சரி. மரப் பகுதியை ஒட்டிய ஓரத்தில் மட்டும் கத்தரியே நல்லது. அங்கே பல பூச்சுகள் சேர்ந்து வண்ணம் கனமாக இருக்கும், மடக்கினால் ஓரம் சிலும்பும்.

வெட்டிய பிறகே வெளி ஃபிலிமை உரியுங்கள். கத்தரி நழுவினால் கீறல் ஃபிலிமில் விழட்டும்.

வார்னிஷ் போட்ட நிஜ மரம் பளபளக்கும், லெக்ஸானின் இயல்பான பளபளப்பு அதற்குப் பொருந்தும். வாகனீர் போன்ற வினைல் பக்கம் என்றால் அந்தப் பளபளப்பு பொருந்தாது. மற்ற இடங்களை மறைத்துவிட்டு, அந்தப் பகுதியின் வெளிப்பக்கம் மட்டும் டமியா பி.எஸ்-55 ஃபிளாட் கிளியரை (பளபளப்பைக் குறைக்கும் நிறமற்ற பூச்சு) மெல்லியதாக ஒருமுறை அடியுங்கள். பாடியின் வெளியே வண்ண டப்பா போகும் ஒரே இடம் இதுதான்.

ஓட்டப் போகும் கார் என்றால் சக்கர வளைவுகளுக்கும் மூலைகளுக்கும் உள்பக்கம் வலைத்துணி வைத்து, செருப்பு ஒட்டும் ஷூ கூ பசையை மெல்லியதாகத் தடவுங்கள். பின்பூச்சு முழுக்கக் காய்ந்த பிறகுதான். அந்தப் பசையிலும் கரைப்பான் இருக்கிறது, காயாத வண்ணத்தின் மேல் வைத்தால் இளக்கிவிடும்.

11. கோளாறு வந்தால்

வெளியிலிருந்து பார்க்கும்போது ரேகையைச் சுற்றிப் பால் போன்ற மங்கல் தெரிந்தால், வண்ணத்துக்கும் லெக்ஸானுக்கும் இடையே ஈரம் சிக்கியிருக்கிறது. அடிநிறம் அடிக்கும் முன் கண்ணில் பட்டால் இன்னும் காயவையுங்கள், பெரும்பாலும் போய்விடும். அடிநிறத்துக்குப் பிறகு தெரிந்தால் அந்தப் பலகையை மட்டும் ஆல்கஹாலால் துடைத்தெடுத்துத் திரும்பச் செய்வதுதான் வழி. துடைக்கும்போது பஞ்சுக்குச்சி பாடி நிறத்தின் ஓரத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேப் உரிக்கும்போது பச்சையின் ஓரம் கொஞ்சம் பிய்ந்து வந்தால் பதற வேண்டாம். அந்த இடத்தை மரம் தீட்டும் முன், மெல்லிய தூரிகையில் அதே பச்சையைத் தொட்டு வைத்து நிரப்புங்கள். மரம் தீட்டியபின் நிரப்ப முடியாது, நிரப்பினாலும் முன்னால் வராது.

ரேகை கனமாகிவிட்டது என்று தோன்றினால் சாயத்தைக் கூட்டி மறைக்கப் பார்க்காதீர்கள். சாயம் ரேகைக்குப் பின்னால்தான் போகும், ரேகை அப்படியே முன்னால் நிற்கும். துடைத்துவிட்டு மறுபடி இழுப்பதுதான் சுருக்கமான வழி.

12. ஏ.பி.எஸ். பாடி என்றால் வரிசையைத் திருப்புங்கள்

கெட்டியான ஏ.பி.எஸ். பாடியில் வெளிப்பக்கம் அடிப்பதால் வரிசை பெரும்பாலும் தலைகீழ். பிரைமர், பாடி நிறம், கிரீம் அடிநிறம், அதன்மேல் ரேகை, ரேகையின் மேல் தேன் நிறச் சாயம், பிறகு பலகையின் அடிநிறம், ரேகை, சாயம், அதற்கும் மேலே சட்டத்தின் நிழல். கடைசியில் கிளியர்.

இங்கே ஈரத்துணியால் துடைத்துத் திரும்பச் செய்யும் வசதி அப்படியே வேண்டுமென்றால், அடிநிறம் காய்ந்ததும் அதன்மேல் ஒரு பூச்சு பளபளப்பான கிளியர் அடித்து, அதுவும் நன்றாகக் காய்ந்தபின் ரேகை இழுங்கள். மேட் பரப்பு வண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும், துடைத்தால் கறை நிற்கும். கடைசிக் கிளியரை முதலில் தூவல்களாக அடியுங்கள். டி.எஸ் கிளியரை எடுத்தவுடன் ஈரமாக அடித்தால், அடியில் உள்ள நீர்சார்ந்த ரேகை சுருண்டுவிடும்.